நிவாரண மாவும் எங்கள் குடலும்: வயிற்றைப் புரிந்துகொண்டு சமைப்பது எப்படி?

வயிறு சரியில்லை என்பதைச் சொல்ல எங்கள் ஊரில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஊதல், பொருமல், உளைவு, செமியாக்குணம், புளிச்ச ஏவறை, "வயிற்றால போகுது", "மூன்று நாளாய் இறுகிப் போச்சு" என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் இந்தச் சொற்கள் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. வைத்தியரின் மேசைக்கு வரும்போது எல்லாம் "கேஸ்ட்ரிக்" என்ற ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. ஒரு அட்டை குளிசையோடு நாங்களும் வீடு திரும்பிவிடுகிறோம்.

நான் மருத்துவர் இல்லை. திருகோணமலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. மூதூர் கிழக்கில் பிறந்து, 2006 இல் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, முகாம்களில் இருந்துவிட்டு இப்போது உப்புவெளியில் வசிக்கிறேன். அந்தக் காலத்தில் தொடங்கிய வயிற்றுக் கோளாறு பல வருடங்கள் என்னை விடவில்லை. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பை நடுவில் விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓட முடியாது. அதனால் காலையில் எதுவும் சாப்பிடாமல் பாடசாலைக்குப் போவதே என் வழக்கமாக இருந்தது. என்னைப் போல, பஸ்ஸில் போவதென்றால் முதல் நாள் இரவிலிருந்தே பட்டினி கிடப்பவர்களை எனக்குத் தெரியும். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகப் போராட்டப் பந்தலில் இருக்க வரும் ஒரு அம்மா, கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் பகல் முழுவதும் பிளேன்ரீ மட்டும் குடிப்பார். பட்டினி இதற்கு மருந்தல்ல. எதைச் சாப்பிட்டால் வயிறு குழம்புகிறது என்று ஒழுங்காகக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதை எங்கள் சமையலறைக்கு ஏற்றபடி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது

எண்டொஸ்கோப்பி செய்தும், இரத்தம், மலம் பரிசோதித்தும் "ஒன்றுமில்லை" என்று வருகிறது. ஆனால் வலி இருக்கிறது. இப்படியானவர்களில் பலருக்கு இருப்பது ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சலுறு குடல் நோய். மூன்று மாதங்களாகச் சராசரியாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புபட்டோ, மலம் போகும் தடவைகள் மாறியோ, மலத்தின் தன்மை மாறியோ, இவற்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். 2016 இல் வெளியான ரோம் நான்காம் வரையறை இதைத்தான் சொல்கிறது.

இந்த நோயில் குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. குடலின் அசைவும், குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பும் குழம்பியிருக்கின்றன. மற்றவர் உணராத சிறிய வாயுவைக்கூட இந்தக் குடல் வலியாக உணர்கிறது. "எல்லாம் உங்கள் மனதில்தான்" என்று ஒரு வைத்தியர் என்னிடம் சொன்னார். அது சரியல்ல. குடல் உண்மையாகவே நோகிறது.

போர் குடலை என்ன செய்கிறது?

எங்கள் மக்களிடம் இந்தக் கோளாறு இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதற்கான காரணங்களில் இரண்டு எங்கள் வாழ்க்கையோடு நேரடியாகப் பொருந்துகின்றன.

முதலாவது தொற்று. கடுமையான வயிற்றோட்டம் வந்து மாறியவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்குப் பிறகு ஐ.பி.எஸ். தொடங்குகிறது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வோக்கர்ட்டன் என்ற சிறு நகரத்தில் குடிநீரில் கிருமி கலந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். வயிற்றோட்டம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இரண்டு மூன்று வருடங்களின் பின் ஐ.பி.எஸ். இருந்தது. எட்டு வருடம் கழிந்தும் சிலருக்கு அது நீடித்தது. ஒரு நகரத்தில் ஒரு தடவை தண்ணீர் கெட்டதன் விளைவு இது. முகாமுக்கு முகாம் மாறி, பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்று, நூற்றுக்கணக்கானோர் சில கழிப்பறைகளைப் பகிர்ந்த எங்களுக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது மன நெருக்கீடு. 1990-91 வளைகுடாப் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படையினரிடம் இத்தகைய குடல் கோளாறுகள் அதிகமாக இருந்தன. அவற்றைப் போர்ச் சேவையோடு தொடர்புடையவையாக அமெரிக்க அரசு ஏற்று இழப்பீடு வழங்குகிறது. இலங்கையிலும் களனிப் பல்கலைக்கழகத்தின் ஷமன் ராஜிந்திரஜித்தும் நிரங்கா தேவநாராயணவும் போர் நடந்த பகுதிச் சிறுவர்களிடையே மலச்சிக்கலை ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் மக்கள் மனத்துயரை உடல் நோவாகவே அதிகம் வெளிப்படுத்துகிறார்கள் என்று யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். அதை நோயாளியின் நடிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூளையும் குடலும் ஒரே நரம்புப் பாதையில் பேசிக்கொள்கின்றன. வெடிச்சத்தம் கேட்ட நேரத்தில் வயிறு கலங்கிய அனுபவம் எங்களில் யாருக்கு இல்லை?

இவற்றோடு சாப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள். முகாம்களில் உலர் உணவாகக் கிடைத்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். மாதக்கணக்கில் காலையில் ரொட்டியும் பருப்பும், இரவிலும் ரொட்டியும் பருப்பும். அந்த உணவு எங்களை உயிரோடு வைத்திருந்தது. அது ஐ.பி.எஸ். நோயை உண்டாக்கியது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே குழம்பிய குடலுக்கு அதிகம் வாயு தரும் உணவுகளில் இரண்டு கோதுமை மாவும் பருப்பும்தான். அது ஏன் என்பதை விளக்குவதுதான் ஃபொட்மப் என்ற கருத்து.

ஃபொட்மப் என்றால் என்ன?

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னில் உள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பீற்றர் கிப்சன், சூ ஷெப்பர்ட் ஆகியோர் 2005 இல் இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தினார்கள். சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படாத, பெருங்குடலில் கிருமிகளால் புளிக்கவைக்கப்படும் சில வகை மாச்சத்துக்களையும் சர்க்கரைகளையும் சேர்த்துக் குறிக்கும் சுருக்கப் பெயர் அது. முக்கியமாக ஐந்து வகைகள்:

- பிரக்டான்: வெங்காயம், உள்ளி, கோதுமை
- கலக்டான்: பருப்பு, கடலை, கௌபி
- லக்டோஸ்: பால், பால்மா
- மிகையான பிரக்டோஸ்: தேன், மாம்பழம், வத்தகப்பழம்
- பொலியோல்: காளான், கோலிப்பூ, சீனியில்லாத சுவிங்கம், சில மருந்துப் பாணிகள்

இவற்றில் சில குடலுக்குள் தண்ணீரை இழுக்கின்றன. சில பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகின்றன. இரண்டு விதத்திலும் குடல் விரிகிறது. எல்லோருக்கும் இது நடக்கிறது. சாதாரணக் குடல் அதைப் பொருட்படுத்தாது. ஐ.பி.எஸ். உள்ள குடலோ வலிக்கிறது, பொருமுகிறது, ஓடச் சொல்கிறது. ஆகவே இவை கெட்ட உணவுகள் அல்ல. எங்கள் குடலுக்கு அளவு மிஞ்சிய உணவுகள், அவ்வளவுதான்.

மொனாஷ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2014 இல் வெளியானது. ஐ.பி.எஸ். உள்ள 30 பேருக்கு 21 நாட்கள் ஃபொட்மப் குறைந்த உணவும், இன்னொரு 21 நாட்கள் வழக்கமான உணவும் கொடுத்துப் பார்த்தார்கள். ஃபொட்மப் குறைந்த உணவில் தொல்லை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

தொடங்குவதற்கு முன்

பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் உணவைக் குறைத்துப் பரிசோதிக்க வேண்டாம். முதலில் வைத்தியசாலைக்குப் போங்கள்:

- மலத்தோடு இரத்தம் போதல், அல்லது கறுப்பாகப் போதல்
- காரணமில்லாமல் உடல் மெலிதல், இரத்தசோகை, காய்ச்சல்
- நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம்
- 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய தொல்லை
- குடும்பத்தில் குடற்புற்றுநோய் இருந்திருத்தல்
- பெண்களுக்குப் புதிதாகத் தொடங்கி விடாமல் தொடரும் வயிற்று வீக்கம்

புழு, அமீபா, குடற் காசநோய் போன்றவையும் இதே அறிகுறிகளைக் காட்டலாம். கோதுமையை நிறுத்துவதற்கு முன்னரே சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டும். நிறுத்திய பின் செய்தால் முடிவு பிழையாக வரலாம். நீரிழிவுக்கு மெட்போமின் குளிசை எடுப்பவர்களுக்கு அந்தக் குளிசையே வயிற்றோட்டத்தைத் தரக்கூடும். அதையும் வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. எல்லோருக்கும் இந்த உணவுமுறை தேவைப்படாது. சுவீடனில் 75 பேரிடம் நடத்தி 2015 இல் வெளியான ஆய்வில், ஒரு சாரார் ஃபொட்மப்பைக் குறைத்தார்கள். மற்றவர்கள் நேரத்துக்குச் சாப்பிடுதல், ஆறுதலாக மென்று சாப்பிடுதல், எண்ணெய், உறைப்பு, கோப்பி ஆகியவற்றைக் குறைத்தல் போன்ற பழைய ஆலோசனைகளைப் பின்பற்றினார்கள். இரு சாராரிலும் ஏறத்தாழ பாதிப்பேருக்குச் சுகம் கிடைத்தது. ஆகவே முதலில் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். செலவில்லாத வழி. போதவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

எங்கள் குசினியில் எப்படிச் செய்வது?

மெல்பேர்னில் இருக்கும் என் மச்சாள் எனக்கு ஒரு உணவுப் பட்டியலை அனுப்பினாள். அதில் கினோவா, ஓட்ஸ், புளூபெரி என்று இருந்தது. திருகோணமலைச் சந்தையில் இவற்றை யார் தேடுவது? பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு எங்கள் உணவைப் பார்த்தேன். ஆச்சரியம் என்னவென்றால், பாதி வேலையை எங்கள் சோறும் மீனும் ஏற்கெனவே செய்துவிட்டிருந்தன.

சோற்றில் ஃபொட்மப் மிகக் குறைவு. அரிசிமாப் பிட்டும் அரிசிமா இடியப்பமும் அப்படியே. கவனிக்க வேண்டியது கலப்பைத்தான். கடை இடியப்பத்திலும் பிட்டிலும் தோசையிலும் கோதுமை மா கலந்திருப்பது வழமை. சீனக்குடாவில் 1980 இலிருந்து இயங்கும் பெரிய மா ஆலையை நாங்கள் தினமும் பார்க்கிறோம். கப்பலில் வந்திறங்கும் கோதுமை எங்கள் துறைமுகத்திலேயே மாவாகி நாடு முழுவதும் போகிறது. பாண், ரொட்டி, கொத்து, பணிஸ், மாரி பிஸ்கட் என்று காலை முதல் இரவு வரை அது எங்கள் வாயில் இருக்கிறது. பரிசோதனைக் காலத்தில் இவற்றை நிறுத்த வேண்டும்.

மீன், இறால், கணவாய், முட்டை, கோழி ஆகியவற்றில் ஃபொட்மப் இல்லை. பிரச்சினை குழம்பில் இருக்கிறது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயமும் உள்ளியும் இல்லாமல் எங்கள் வீடுகளில் கறி இல்லை. பிரக்டான் தண்ணீரில் கரையும். எனவே வெங்காயத்தைக் குழம்பில் போட்டுவிட்டுப் பிறகு எடுத்தெறிவதில் பயனில்லை. ஆனால் அது எண்ணெயில் கரையாது. உள்ளிப் பல்லை முழுதாக எண்ணெயில் பொரித்து, மணம் இறங்கியதும் பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, இரம்பை தாளிக்கலாம். அந்த எண்ணெயை அன்றன்றே செய்யுங்கள். போத்தலில் நாட்கணக்கில் வெளியே வைத்தால் நஞ்சாகலாம். வெங்காயத்துக்குப் பதிலாக லீக்ஸின் பச்சை இலையையும், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியையும் போடலாம். வெள்ளைப் பகுதி வேண்டாம். புளி, கொறுக்காய், இஞ்சி, மஞ்சள் தடையில்லை. உறைப்பில் ஃபொட்மப் இல்லை. ஆனால் அது குடல் நரம்பைத் தூண்டும் என்பதால் குறைத்துப் பாருங்கள்.

மரக்கறிகளில் கத்தரி, கரட், போஞ்சி, வெண்டி, வெள்ளரி, உருளைக்கிழங்கு ஆகியவை அளவாகச் சாப்பிட ஏற்றவை. பழங்களில் பப்பாளி, அன்னாசி, தோடை நல்லவை. வாழைப்பழம் நன்றாகக் கனிந்தால் பிரக்டான் கூடும். சற்றுக் காயாக இருக்கும்போது சாப்பிடுங்கள். மாம்பழம், பலாப்பழம், வத்தகப்பழம், பேரீச்சம்பழம் ஆகியவற்றை அந்தச் சில வாரங்களுக்குத் தள்ளிவையுங்கள்.

தேங்காய்ப்பாலைச் சொதியாகக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்காமல், கறிக்கு அளவாகச் சேர்க்கலாம். பருப்பை முழுதாகக் கைவிடத் தேவையில்லை. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றி, நிறையத் தண்ணீரில் அவித்து, அவித்த தண்ணீரையும் வடித்தால் கலக்டானின் ஒரு பகுதி போய்விடும். இரண்டு மேசைக்கரண்டி போதும். பால்மாத் தேநீருக்குப் பதில் பிளேன்ரீயோ இஞ்சித் தேநீரோ குடிக்கலாம். சீனி அளவாகச் சேர்ப்பதில் தடையில்லை. பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்து குறையும். முள்ளோடு சாப்பிடும் நெத்தலி அதை ஓரளவு ஈடுசெய்யும்.

நிறுத்துவது பாதி, திரும்பச் சேர்ப்பதே மீதி

பலர் பிழைவிடும் இடம் இது. மேலே சொன்ன கட்டுப்பாடு இரண்டிலிருந்து ஆறு வாரங்களுக்கு மட்டும். அதற்குள் மாற்றம் தெரியவில்லை என்றால் உங்கள் தொல்லைக்கு ஃபொட்மப் காரணமல்ல. வழக்கமான உணவுக்குத் திரும்பிவிட்டு வைத்தியரிடம் வேறு வழி கேளுங்கள்.

மாற்றம் தெரிந்தால், கட்டுப்பட்ட உணவை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் வழமையான அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் விட்டு அடுத்த வகை. பாலுக்கு ஒரு தடவை, பாணுக்கு ஒரு தடவை, வெங்காயத்துக்கு, உள்ளிக்கு, பருப்புக்கு, மாம்பழத்துக்குத் தனித்தனியே. ஒரு கொப்பியில் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, வயிறு எப்படி, அன்று மனம் எப்படி என்று நான்கு நிரல்கள் போட்டு எழுதுங்கள்.

என் கொப்பியில் வந்த விடை எனக்கே புதிது. பல வருடமாகப் பயந்து ஒதுக்கிய மாம்பழம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பருப்பும் அளவாகச் சாப்பிடலாம். வெங்காயமும், இரண்டு துண்டுக்கு மேற்பட்ட பாணும்தான் எனக்குப் பிரச்சினை. பரீட்சைக் காலத்தில் மட்டும் எல்லாமே பிரச்சினை. அது உணவின் வேலையல்ல, பதற்றத்தின் வேலை. இன்னொருவரின் கொப்பியில் வேறு விடை வரும். அதனால்தான் அயலவரின் பட்டியலைப் பார்த்து நாங்கள் உணவை நிறுத்தக் கூடாது.

திரும்பச் சேர்க்காமல் வருடக்கணக்கில் இப்படியே இருந்தால் குடலுக்கு நன்மை செய்யும் கிருமிகளும் குறையும், சத்தும் குறையும். மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுவர்கள், முதியோர் தாங்களாக இதைத் தொடங்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் பாணுக்குப் பதில் சோற்றைக் கூட்டினால் சீனி ஏறும். 2022 நெருக்கடிக்குப் பிறகு இரண்டு நேரச் சாப்பாட்டோடு நிற்கும் வீடுகள் எங்கள் மாவட்டத்தில் உண்டு. அந்த வீட்டில் கிடைப்பது ரொட்டியும் பருப்பும் என்றால் அதைச் சாப்பிட வேண்டும். அளவைச் சிறிது சிறிதாகப் பிரித்துச் சாப்பிடுவதும், பருப்பின் தண்ணீரை வடிப்பதும், வெங்காயத்தைக் குறைப்பதுமே அங்கு போதுமான மாற்றம்.

ஒரே சட்டி, ஒரே வீடு

எங்கள் வீடுகளில் பெண்கள் தமக்கென்று தனியாகச் சமைப்பதில்லை. "எனக்கு வெங்காயம் ஒத்துக்கொள்ளாது" என்று மாமியாரிடம் சொல்லக்கூட ஒரு மருமகளுக்குத் தயக்கம். தனிச் சட்டி தேவையில்லை. மீனையும் மரக்கறியையும் வெங்காயமில்லாமல் சமைத்து, ஒருவருக்கான பங்கை எடுத்துவைத்த பின், வதக்கிய வெங்காயத்தை மற்றவர்களுக்குச் சேர்க்கலாம். ஐந்து நிமிட வேலை. அதற்கு வீட்டார் இதை நோய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மனத்தின் பக்கத்தையும் விட்டுவிட முடியாது. குடலை நோக்கிய ஆழ்நிலைத் தளர்வுச் சிகிச்சை, ஃபொட்மப் உணவுக்குச் சமமான பலன் தந்ததாக மொனாஷின் இன்னொரு ஆய்வு காட்டியது. அமிற்றிப்டிலின் என்ற குளிசை குறைந்த அளவில் ஐ.பி.எஸ். வலியைக் குறைப்பதை 2023 இல் இங்கிலாந்தில் வெளியான பெரிய ஆய்வு உறுதிசெய்தது. "இது மனநோய்க் குளிசை" என்று பாமசியில் யாரோ சொன்னதைக் கேட்டு அதை எறிந்தவர்கள் உண்டு. குடல் நரம்பின் கூர்மையைத் தணிப்பதற்காகவும் வைத்தியர்கள் அதைக் கொடுக்கிறார்கள். எறியாமல், எதற்காகத் தருகிறீர்கள் என்று அவரிடமே கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது "கேஸ்ட்ரிக்" என்று மட்டும் சொல்ல வேண்டாம். எத்தனை மாதமாக, எப்போது வலி, மலம் எப்படி, எதைச் சாப்பிட்ட பிறகு என்று இரண்டு வாரக் குறிப்போடு போங்கள். எங்கள் வைத்தியர்களுக்கு ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களில் உங்கள் வயிற்றுக்காகப் பேசக்கூடியது அந்தக் கொப்பி. அதை இன்றிரவுச் சாப்பாட்டிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.